ஒரே கம்பியில் இரண்டு தொட்டில்

இருட்டு கட்டியதும் அந்தச் சத்தம் வந்தது.

வண்டு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்திய பிறகும் வந்தது. அறைக்குள்ளேயே, தலைக்கு மேலேயே. அண்ணாந்து பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டே முனகியது. ங்ம்ம்ம்ம் என்று, வயிற்றுவலிக்காரன் புரண்டு படுப்பது மாதிரி.

பக்கத்து வீட்டு ஃபேனும் அப்படியே. எதிர்வீட்டு டியூப்லைட்டும் கூடச் சேர்ந்துகொண்டது. வீதிமுக்கில் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த டிரான்ஸ்ஃபார்மர் எல்லாருக்கும் சேர்த்துச் சுருதி போட்டது.

பெரிய சத்தமில்லை. ஆனால் காதுக்குள் புகுந்துகொண்டு வெளியே போக மறுக்கிற சத்தம்.

கோயமுத்தூரின் ஓர் ஓரத்தில் கிடக்கிற சின்ன வீதி அது. வீதியே வாசலுக்கு வந்து நின்றது.

“காத்து கருப்பு ஏதாச்சும் இருக்குமோ?” என்றாள் ஒருத்தி.

“எல்லா ஊட்டுலயும் ஒரே நேரத்துல பூந்துக்கறதுக்கு அதென்ன பட்டாளமா?” என்றார் வெங்கிடுபதி. ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். வீதிச் சங்கத்துக்குத் தலைவர். “ஒயர் வழியா வருது. எங்கிருந்தோ வருது.”

நாச்சிமுத்துவும் வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். வீதிக்கோடியில் முலாம் பட்டறை வைத்திருப்பவர். தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நிக்கல் பூசிக் கொடுப்பார். ஐம்பதைத் தாண்டியவர். இளகின மனசு, உரத்த குரல்.

“அட, ஆமாங்! என்னமோ கத்துதுங்!” என்றார், மற்றவர்களோடு சேர்ந்து. பிறகு அவருக்குப் பசித்தது. பட்டறையை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

சத்தம் நின்றது.

சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து பட்டறையைப் போட்டார்.

சத்தம் வந்தது.

வீதி மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

*

வீதிக்கு வருகிற மின்சாரம் முன்னும் பின்னும் ஆடுகிற சாதி. முலாம் பூச அது ஆகாது. ஒரே பக்கமாக ஓட வேண்டும். மூன்று கம்பியில் ஆடி வருவதை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிற பெட்டிக்கு ரெக்டிஃபையர் என்று பேர். நாச்சிமுத்து பழைய சின்னப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பெரிய பெட்டி இரண்டை அப்போதுதான் மாட்டியிருந்தார். நிக்கல் தொட்டிக்கு ஒன்று, குரோமியத் தொட்டிக்கு ஒன்று. மாலையானால் வேலை ஜரூராக நடக்கும்.

“என்ற மீட்டரு, என்ற கரண்டு. உங்க ஊட்டு ஒயரை நான் தொட்டனா?” என்று கேட்டார் வீதியை.

“தொட்டீங்களோ இல்லியோ, என்ற ஃபேனு முனகுது” என்றார் வெங்கிடுபதி. “மாரியாத்தா நோம்பி சாட்டறதுக்குள்ள இது நிக்கோணும். இல்லைன்னா மின்வாரியத்துல எல்லாரும் போய் நின்னு உங்க லைனைப் புடுங்கச் சொல்லீருவோம்.”

நோம்பி என்கிற மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் சாட்ட, அதாவது ஊரறிய அறிவிக்க, கொஞ்ச நாள்தான் இருந்தது. லைன் போனால் பட்டறை போச்சு. முலாம் தொட்டிக்கு வேறு இடத்தில் அனுமதி வாங்குவது இந்தக் காலத்தில் நடக்காத காரியம். நாச்சிமுத்துவுக்கு அது தெரியும். வீதிக்கும் தெரியும்.

அவர் ஒரு பெட்டியை நிறுத்திப் பார்த்தார். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. வேலை பாதியானதுதான் மிச்சம்.

கடைவீதியில் ஒருவன், “லைன்ல அழுக்கு சேந்திருக்குதுங். கெப்பாசிட்டர் மாட்டுனா கழுவி விட்டாப்பல ஆயிரும்” என்றான். ஒரு பீரோ அளவுக்குக் கெப்பாசிட்டர் வாங்கி வந்து மாட்டினார். அன்றைக்கு ஃபேன்கள் முனகவில்லை, ஊளையிட்டன. கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. கழற்றி மூலையில் போட்டார்.

“அந்த ஜெசிந்தா புள்ள காலேஜ்ல இதையேதான் சொல்லிக் குடுத்துட்டு இருந்துச்சாம்” என்றாள் அவர் மனைவி தெய்வானை. “போய்க் கேளுங்க.”

“அது என்ற மகளாட்டம் இருக்குது. அதுகிட்டப் போயி நான் பாடம் கேக்கறதா?”

“பெத்திருந்தா மகதான் சொல்லிக் குடுத்திருப்பா. போங்க.”

*

ஜெசிந்தா டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்தவள். இரட்டைப் பெண்கள் பிறந்த பிறகு வீட்டோடு இருக்கிறாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. அவன் வர இன்னும் மாசக்கணக்காகும்.

கதவு திறந்தே கிடந்தது. நாச்சிமுத்து வாசலில் நின்று கனைத்தார்.

“வாங்ணா” என்றாள் அவள். தோளில் ஒரு குழந்தை. தலைக்கு மேலே ஃபேன் முனகிக்கொண்டிருந்தது. சுவரில் சேசு படத்துக்கு முன்னாலிருந்த சிவப்பு பல்பு நடுங்கி நடுங்கி எரிந்தது.

அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“ஏனுங் அம்மிணி, நான் படிக்க வந்திருக்கறனுங்.”

“எதைண்ணா?”

“நான் என்ற பட்டறையில கரண்டு எடுத்தா உங்க ஊட்டு ஃபேனு ஏனுங் முனகோணும்? அதை.”

“சரிங்ணா. ஈவாவை ஆட்டுங்க.”

“ஆருங்?”

அவள் கண்ணால் காட்டினாள். கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓர் இரும்புக் கம்பி. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சேலைத் தொட்டில். பச்சைச் சேலையில் ஈவா முழித்துக்கொண்டு கிடந்தாள். தோளில் கிடந்த ரூத்தை ஜெசிந்தா மஞ்சள் சேலையில் மெதுவாக இறக்கினாள். ரூத் தூங்கிப்போயிருந்தாள்.

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பச்சைத் தொட்டிலை ஆட்டத் தொடங்கினார். வீசி ஓர் இழுப்பு. பிறகு கொஞ்சம் பேச்சு: நோம்பி, வெங்கிடுபதி, உப்பிப்போன கெப்பாசிட்டர். தொட்டில் ஆடி ஆடிக் கைக்கு எட்டும்போது மறுபடி ஒரே வீச்சில் ஓர் இழுப்பு. மறுபடி பேச்சு.

மஞ்சள் தொட்டிலில் ரூத் வீரிட்டு அழுதாள்.

“அய்யய்யோ! நான் அதைத் தொடவே இல்லீங்களே!”

“ஆமாங்ணா” என்றாள் ஜெசிந்தா. “தொடவே இல்ல.”

நாச்சிமுத்துவின் கை தொட்டிலிலேயே நின்றது. அவர் கம்பியைப் பார்த்தார். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. வீதியில் நின்று ‘நான் தொட்டனா?’ என்று தான் கேட்ட கேள்வி அவருடைய காதிலேயே வந்து விழுந்தது.

அன்றைக்கு வேறெதுவும் கேட்காமல் எழுந்து வீட்டுக்குப் போனார்.

*

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

ஒரு சாயங்காலம் தெய்வானையைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டு ஜெசிந்தா பட்டறைக்கு வந்தாள். கையில் வாய் பிளந்த இடுக்கி மாதிரி ஒரு மீட்டர். லைன் ஒயரை அது கவ்வியதும் அதன் சின்னத் திரையில் ஒரு கோடு ஓடியது.

“கரண்டு எப்படி வரோணும்னா, மலையாட்டம் நிதானமா ஏறி நிதானமா எறங்கோணும்” என்றாள். “நீங்க எப்படி எடுக்கறீங்கன்னு பாருங்க.”

நாச்சிமுத்து கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். மலை இல்லை. சும்மா கிடந்து, விருட்டென்று ஒரு மேடு, நடுவில் ஒரு பள்ளம், மறுபடி விருட்டென்று ஒரு மேடு, மறுபடி சும்மா.

“முயல் காதாட்டம் இருக்குதுங்!”

“அதேதாங்ணா. லைன் உச்சிக்கு வர்றப்ப உங்க பெட்டி வாயைத் தொறந்து ஒரே முழுங்கா முழுங்குது. அப்பறம் வாயை மூடிக்குது. அடுத்த உச்சிக்கு மறுபடி ஒரே முழுங்கு.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. சின்னப் பையன்கள் ஒளித்துவைத்த பந்தைக் கண்டுபிடிக்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

“இது... நான் தொட்டில் ஆட்டறது!”

“அப்படியா இருக்குது?” என்றாள் ஜெசிந்தா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“அதேதானுங்! ஒரே இழு, சும்மா இரு. ஒரே இழு, சும்மா இரு!” அவர் தொடையில் தட்டிக்கொண்டார். “அப்ப இந்தப் பெட்டியும் என்னையாட்டமே ஒரு முரடனுங். அதுக்கு எப்படிங் பதமா இழுக்கக் கத்துக் குடுக்கறது?”

“முதல்ல நீங்க கத்துக்கங்ணா. நாளைக்கு வாங்க.”

*

அவர் கற்றுக்கொள்ளவில்லை. கை அப்படிப்பட்ட கை. தொட்டி தொட்டியாக இரும்பைத் தூக்கி முக்கி எடுத்த கை. மெதுவாக இழுத்தால் தொட்டில் நின்றுபோகும். நிற்காமல் இழுத்தால் கம்பி அதிரும்.

“ஒண்ணே ஒண்ணை மட்டும் ஆட்டறனுங்” என்றார்.

“அப்பவும் கம்பி அதிருதேண்ணா.”

“ரெண்டையும் சேர்த்துப் புடிச்சு ஆட்டறனுங்.”

“ஆட்டுங்க.”

இரண்டு தொட்டிலையும் இரண்டு கையில் பிடித்து ஒன்றாக இழுத்தார். கம்பி கடகடவென்று ஆடியது. சுவர்க்காரை உதிர்ந்து அவர் வழுக்கையில் விழுந்தது. ஈவாவும் ரூத்தும் ஒரே குரலில் கத்தினார்கள். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையில் சுண்ணாம்போடு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கவும், குழந்தைகள் இரண்டும் அழுகையை நிறுத்திவிட்டு அவரை வேடிக்கை பார்த்தன.

அந்த நேரம் பார்த்து தெய்வானை உள்ளே நுழைந்தாள்.

“பட்டறைக்காரரு ஆயா வேலைக்குச் சேந்துட்டாருன்னு வீதியே சிரிக்குது. நீங்க என்னடான்னா மண்டையில மாவைக் கொட்டிக்கிட்டு நிக்கறீங்க. நாளன்னைக்கு நோம்பி சாட்டறாங்க, தெரியுமா?”

“பாடம் நடக்குது. பேசாத இரு.”

“நல்ல பாடம்! நகருங்க அக்கட்ட.” அவள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மஞ்சள் தொட்டிலைப் பிடித்தாள். “நீங்க அதை ஆட்டுங்க. நான் இதை ஆட்டறன்.”

“நான் இழுக்கறப்பவே நீயும் இழு.”

“எதுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க இழுக்கறப்ப இழுத்துத்தான் என்ற கையி போச்சு. நான் என்ற தோதுக்கு ஆட்டுவன்.”

அவர் இழுத்தார். அவருடைய தொட்டில் இந்தப் பக்கம் வந்தது. அது அந்தப் பக்கம் போகிறபோது தெய்வானை தன்னுடையதை இந்தப் பக்கம் இழுத்தாள். வேண்டுமென்றேதான். அவர் முறைத்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. பச்சை வரும்போது மஞ்சள் போயிற்று. மஞ்சள் வரும்போது பச்சை போயிற்று. அவருடைய கை அதே முரட்டுக் கை. அவளுடையதும் ஒன்றும் பூப்போன்ற கை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டில் சத்தமே இல்லை.

ஈவா தூங்கிவிட்டாள். ரூத்தும் தூங்கிவிட்டாள்.

நாச்சிமுத்து மெதுவாகத் தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தார். தொட்டில் இரண்டும் வீசி வீசி ஆடிக்கொண்டிருந்தன. கம்பி அசையாமல் கிடந்தது.

குழந்தைகள் எழுந்துவிடாதபடி, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கிசுகிசுத்தார்.

“அம்மிணி. நம்ம பெட்டி ரெண்டும் இப்ப ஒரே நேரத்துல முழுங்குதுங்க. இல்லீங்களா?”

“ஆமாங்ணா.”

“ஒண்ணைக் கொஞ்சம் தள்ளி முழுங்கச் சொல்ல முடியுங்களா? அது ஏறறப்ப இது எறங்கறாப்பல?”

ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. “பெட்டிகிட்டச் சொன்னா அது கேக்காதுங்ணா. பெட்டிக்குள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்குதுல்ல, அதோட சுத்தை மாத்திக் கட்டினா கேக்கும். ஒண்ணு ஸ்டார்லயே இருக்கட்டும். இன்னொண்ணை டெல்டாவுக்கு மாத்துங்க. அப்ப அதோட உச்சி கொஞ்சம் தள்ளி வரும்.”

கோயமுத்தூரில் மோட்டார் வைத்திருக்கும் யாருக்கும் ஸ்டாரும் டெல்டாவும் புதுப் பேச்சில்லை. கம்பிச் சுருள்களை மூன்று கால் நட்சத்திரமாகச் சேர்த்தால் ஸ்டார், முக்கோணமாகச் சேர்த்தால் டெல்டா. நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். சுண்ணாம்பு பறந்தது.

“இவ்வளவுதானா! இதை மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மிணி!”

“கெப்பாசிட்டரைக்கூட ஒருத்தன் ஒரு வார்த்தையிலதாண்ணா சொன்னான்.”

தெய்வானை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

*

வைண்டிங் கடைக்காரர் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு பெட்டியின் சுற்றை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். பெட்டி திரும்பி வந்து பட்டறையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. விடிந்தால் நோம்பி சாட்டு.

வீதிக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்குமா? எல்லாரும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்கள். வெங்கிடுபதி நடுவீதியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாரியத்துக்குப் போக நாளைக்கு யார் யார் வருவது என்று ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள்.

நாச்சிமுத்து சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சில் கை வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டியை மட்டும் போட்டார்.

ங்ம்ம்ம்ம்.

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவ்வளவுதான்” என்று ஸ்டூலை விட்டு எழுந்தார் வெங்கிடுபதி.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஜெசிந்தா வீட்டு வாசலில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. பின்னாலேயே வெங்கிடுபதி, அவருக்குப் பின்னால் பாதி வீதி.

“போச்சுங் அம்மிணி! எல்லாம் போச்சுங்! அதே முனகலுங்!”

ஜெசிந்தா ஈவாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணியை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எத்தனை பெட்டி போட்டீங்ணா?”

“ஒண்ணுதானுங். பயந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் போட்டனுங்.”

“அதையும் நிறுத்தச் சொல்லும்மா” என்றார் வெங்கிடுபதி வாசலில் இருந்தபடி.

“இன்னொண்ணையும் போடுங்க” என்றாள் ஜெசிந்தா.

“இன்னொண்ணா?” என்றார் வெங்கிடுபதி. “ஏம்மா, ஒண்ணுக்கே இந்தப் பாடு! எரியற ஊட்டுல எண்ணெயை ஊத்தச் சொல்றியா?”

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் மறுபடி குழந்தையைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டவளின் குனிவு அது. அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு திரும்பி ஓடினார்.

இரண்டாவது பெட்டியைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார்.

முனகல் இருந்தது. ஆனால் ஒரு மாதிரி தடுமாறியது. அவர் கண்ணைத் திறந்தார். முதல் பெட்டியில் கரண்டு அளவு காட்டுகிற முள் நட்டுக்குத்தலாக நின்றது. இரண்டாவது பெட்டியில் முள் இப்போதுதான் எழுந்திருந்தது. குமிழைப் பிடித்து மெல்லத் திருகினார். முள் ஏறியது. முள் ஏற ஏற, தலைக்கு மேலே பட்டறை ஃபேன் முனகுவது இறங்கியது. அவருக்கு நம்ப முடியவில்லை. கொஞ்சம் குறைத்துப் பார்த்தார், முனகியது. ஏற்றினார், அடங்கியது. இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது ஃபேனிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அவர் வெளியே ஓடி வந்தார். வீதி கப்சிப்பென்று இருந்தது.

“கரண்டு போயிருச்சா?” என்றார் யாரோ.

“லைட்டு எரியுதே!”

வெங்கிடுபதி தன் வீட்டுக்குள் போனார். நாற்காலியில் ஏறி ஃபேனுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். இறங்கினார். வீதிமுக்குக்கு நடந்துபோய் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் காதை வைத்தார். எதிர்வீட்டுக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்து அவர்கள் ஃபேனையும் கேட்டார். திரும்பி வந்து நடுவீதியில் நின்றார்.

“யோவ் நாச்சிமுத்து. பெட்டியை நிறுத்திட்டீரா?”

“ரெண்டும் ஓடுதுங் மாஸ்டர். முழுசா ஓடுது!”

“பொய்யி.”

“வந்து பாருங்!”

பாதி வீதி பட்டறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. குழாய்கள் தொட்டிக்குள் பளபளத்துக்கொண்டிருந்தன. ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். என்னத்துக்கு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. வெங்கிடுபதி ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு, “நாளைக்கு வாரியத்துக்குப் போக வேண்டாம். நேரா கோயிலுக்கு வந்துருங்க” என்று அறிவித்தார். தெய்வானை வீட்டுக்குள் ஓடி ஒரு தட்டு நிறையத் தேங்காய் பர்பியோடு வந்தாள். முதல் துண்டை மாஸ்டர் வாயில் திணித்தாள், மறுபேச்சு பேசாதபடி.

*

நாச்சிமுத்து பர்பியில் நாலு துண்டைத் தாளில் மடித்துக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போனார். கூடத்தில் குழந்தைகள் இரண்டும் தூங்கின. சேசு படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு நடுங்காமல் எரிந்தது.

“நீங்க விட்டுட்டுப் போன மீட்டரை மாட்டிப் பாத்தனுங் அம்மிணி. லைன்ல இப்ப மலைங்க! கொஞ்சம் படிக்கட்டு வெச்ச மலை. ஆனா மலைதான்.”

“சந்தோசம்ணா.”

“ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“பெட்டி ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தா, அது அதே மாதிரிதானுங் முழுங்குது. ரெண்டும் இன்னும் முரடனுகதான். ஒண்ணுகூடத் திருந்தலை.”

“ஆமாங்ணா.”

“அப்பறம் எப்படிங் ரெண்டும் சேந்தா நல்லவனாச்சு?”

ஜெசிந்தா கொட்டாவியை மறைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நீங்களும் அக்காவும் தொட்டில் ஆட்டினீங்களே. நீங்க திருந்தினீங்களா, அக்கா திருந்தினாங்களா?”

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

“ரெண்டு பேருமே இல்லீங்” என்றார். சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

பர்பியை மேசை மேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கங்க அம்மிணி. நான் வர்றப்பவெல்லாம் தொறந்தே கெடக்குது. தனியா இருக்கறீங்க.”

“இத்தனை நாள் தாழ் போட்டதே இல்லீங்ணா. ராத்திரியிலகூட.”

“ஏனுங்?”

அவள் கம்பத்தின் பக்கம் பார்த்தாள். ஜன்னலுக்கு நேரே, கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது மாதிரி, இருட்டில் அந்த டிரான்ஸ்ஃபார்மர்.

“அது அந்தக் கத்து கத்துச்சேண்ணா. திடீர்னு வெடிச்சுதுன்னா, ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஓடணும். ஒரு கையில ஈவா, ஒரு கையில ரூத்து. தாழை நீக்கறதுக்கு எனக்கு ஏது இன்னொரு கை?”

நாச்சிமுத்து அப்படியே நின்றார். இத்தனை நாளும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. வாங்ணா என்றாள், ஆட்டுங்க என்றாள், சிரித்தாள். தன்னுடைய சத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடாமல் உட்கார்ந்துகொண்டுதான் அவள் தனக்குப் பாடம் சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அண்ணாந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இப்ப பயம் போயிருச்சுங்களா அம்மிணி?”

ஜெசிந்தா ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டாள். வீதியில் சிரிப்புச் சத்தம் இருந்தது. வேறெதுவும் இல்லை.

அவள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.